கலையாத படுக்கை

லிஃப்ட்காரர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். காலையில் எழுந்ததும் தன் படுக்கையைத் தானே சரிசெய்துவிடுவார்.

இதற்காகவா ஒரு மனிதரை மூன்று அதிகாரிகள் சேர்ந்து, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, "எங்கே, தூங்கிக் காட்டுங்கள்" என்று படுக்க வைத்தார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், வைத்தார்கள். கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். நடுவில் சிரிக்காதீர்கள், பாவம் அவர்.

அவர் லிஃப்ட் பரிசோதகர். ஊர் ஊராகப் போய், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி, துணிக்கடை என்று எங்கெல்லாம் லிஃப்ட் இருக்கிறதோ அங்கெல்லாம் ஏறி, கம்பிக்கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு யார் கையையாவது நசுக்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாழ்க்கை முழுக்க மேலேயும் கீழேயும் போய் வந்தும் ஒரு பதவி உயர்வுகூடக் கிடைக்காத மனிதர். கம்பெனி அவரை எந்த ஊருக்கு அனுப்பினாலும் ஒரே விடுதிக் குழுமத்தில்தான் தங்கவைக்கும். அந்தக் குழுமத்துக்கு, அடிக்கடி வருகிறவர்களை அணைத்துக்கொள்ள 'அன்பு வட்டம்' என்று ஒரு திட்டம் இருந்தது.

அன்புக்கும் படி உண்டு. வருஷத்துக்குப் பத்து இரவு தங்கினால் செம்பு உறுப்பினர். முப்பது இரவுக்கு வெள்ளி, அறுபதுக்குத் தங்கம், நூறுக்கு வைரம். செம்புக்காரரைப் பார்த்து ரிசப்ஷனில் புன்னகைப்பார்கள். வெள்ளிக்காரர் என்றால் பல் தெரியப் புன்னகைப்பார்கள். தங்கம் ஆகிவிட்டால் தனி வரிசை, அதில் நிற்கத் தனியாக ஒரு சிவப்பு விரிப்பு. அந்த வரிசைக்கு முன்னால் மட்டும் ரிசப்ஷன் ஆள் இருக்க மாட்டார். சாதாரண வரிசையில் பத்துப் பேர் சாவி அட்டை வாங்கிக்கொண்டு போன பிறகும் லிஃப்ட்காரர் விரிப்பின் மேல் கௌரவமாக நின்றுகொண்டிருப்பார். அறைக்குப் போனால் துண்டை அன்னப்பறவையாக மடித்துக் கட்டிலில் உட்கார வைத்திருப்பார்கள். யாரோ மெனக்கெட்டுச் செய்ததைக் கலைக்க அவருக்கு மனசு வராது. அதை அலுங்காமல் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு, பையிலிருந்து தன் பழைய துண்டை எடுத்துத் துவட்டிக்கொள்வார்.

சோப்பை மட்டும் விட மாட்டார். அவர் வீட்டில் இருபது வருஷமாகச் சோப்பு வாங்கியதில்லை. அவருடைய மகள் தீப்பெட்டி அளவு சோப்புகளிலேயே குளித்து வளர்ந்தவள். முதன்முதலாகத் தோழி வீட்டில் முழுச் சோப்பைப் பார்த்தவள், "அம்மா, அவங்க வீட்டுல சோப்பு செங்கல் மாதிரி இருக்கும்மா" என்று வந்து சொன்னாள்.

அந்த மகளுக்காகத்தான் இத்தனையும். வைர உறுப்பினருக்குக் குழுமத்தின் கடலோர விடுதியில் குடும்பத்தோடு நாலு நாள் இலவசம். அந்தக் கடலோர விடுதியின் படம் போட்ட அட்டை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்பது வருஷமாக ஒட்டியிருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயதில் ஒட்டியது. "இந்த வருஷம் கண்டிப்பா போறோம்" என்பார் அப்பா. வருஷக் கடைசியில் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, ஒரு வருஷம் தொண்ணூற்றொன்பது என்று வந்து நிற்கும். அட்டையில் இருந்த நீலக் கடல் வெளுத்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது.

இப்போது மகளுக்கு இருபத்திரண்டு வயது. தூர தேசத்தில் வேலை கிடைத்து, பயணச்சீட்டும் வந்துவிட்டது. இன்னும் நாலு வாரத்தில் கிளம்புகிறாள். போனால் திரும்பி வர இரண்டு வருஷம். அவளுடைய பிறந்தநாள்களில் பாதிக்கு மேல் போனில் வாழ்த்திய அப்பா, அவள் போவதற்குள் மூன்று பேரும் சேர்ந்து நாலு நாளாவது ஓரிடத்தில் இருந்துவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

விடுப்புக்காகக் கம்பெனியின் விடுப்புப் பிரிவுக்குப் போனார். அங்கே ஒரு எழுத்தர். பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருந்து, 'இல்லை' என்ற சொல்லை விதவிதமாகச் சொல்லப் பழகியவர்.

"உங்க கணக்குல நாலு நாள்தான் சார் இருக்கு."

"வேற வழியே இல்லையா? பொண்ணு போறா..."

"பொண்ணு போறதுக்கு விதி இல்லை." எழுத்தர் புத்தகத்தைப் புரட்டினார். "அம்மை போட்டா உண்டு. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டா உண்டு, ஆனா ஆறு மணி நேரத்துக்கு மேல மாட்டணும். வெளியூர்ல வேலைக்காகப் போன இடத்துல ராத்திரி தூங்காம இருந்தா, ராத்திரிக்கு ஒரு நாள் ஈட்டு விடுப்பு உண்டு. அதுக்குத் தங்கின இடத்துலேர்ந்து அத்தாட்சி வேணும். எந்த ஹோட்டல்காரன் சார், எங்க ஹோட்டல்ல ஆள் தூங்கலைன்னு எழுதிக் குடுப்பான்?"

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்று மாலை வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரித்தார் லிஃப்ட்காரர். போகட்டும், நாலு நாள் கிடைத்ததே.

நூறாவது இரவு கழிந்த காலையில், தங்கியிருந்த ஊர் விடுதியின் ரிசப்ஷனில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சிவப்பு விரிப்பில்தான். இருபது நிமிஷம் கழித்து ஒரு பெண் வந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பல் தெரியச் சிரித்தாள்.

"வாழ்த்துகள் சார்! நீங்க எழுபத்தேழு இரவு முடிச்சிருக்கீங்க."

"நூறும்மா."

"வந்தது நூறு சார். தங்கினது எழுபத்தேழு."

பிறகு உறவு மேலாளர் என்று ஒரு அம்மாள் வந்து விளக்கினாள். தினமும் காலையில் அறையைச் சுத்தம் செய்கிறவர்கள் ஒவ்வொரு கட்டிலையும் பார்த்து எழுதிவைப்பார்களாம். கலைந்திருந்தால் 'ஆள் படுத்தார்'. கலையாமல் இருந்தால் 'ஆள் படுக்கவில்லை'. இருபத்து மூன்று காலைகளில் அவர் படுக்கை கலையவே இல்லையாம். மேசை மேல் அன்னப்பறவைகூட மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்ததாம்.

"நான்தாம்மா சரிபண்ணி வைப்பேன். கல்யாணமான புதுசுல இருந்தே வீட்டுல பழக்கம். படுத்தவர்தான் படுக்கையைச் சரிபண்ணணும்னு என் மனைவி சொல்லிட்டா."

"அப்போ மீதி எழுபத்தேழு நாள்?"

"அன்னைக்கெல்லாம் விடியக்காலை வண்டியைப் பிடிக்க ஓடியிருப்பேன். அப்படியே போட்டுட்டுப் போயிருப்பேன்."

அந்த அம்மாளின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஒழுங்கா இருந்த நாளெல்லாம் போச்சே சார்" என்றாள். பிறகு தலைமை அலுவலகத்தில் உறக்கச் சரிபார்ப்புக் குழு என்று ஒன்று இருப்பதாகவும், சாட்சிகளோடு போய் முறையிடலாம் என்றும் ஒரு தாள் கொடுத்தாள். தாளோடு இரண்டு சோப்பும் கொடுத்தாள். அதை மறுக்கிற நிலையில் அவர் இல்லை.

சாட்சிக்கு யார்? மனைவியும் மகளும்தான். மனைவி கிளம்பும்போதே கொதித்துக்கொண்டிருந்தாள். "ஒரு மனுஷனுக்கு நல்ல பழக்கம் சொல்லிக் குடுத்தது குத்தமா? வர்றேன், கேக்கிறேன்." மகளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸில் வழி நெடுக, "அப்பா, தூங்கினதுக்கு ரசீது வாங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தலைமை அலுவலகத்தின் ஏழாவது மாடியில் ஒரு நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர், தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி, தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம்கூடத் தொடங்கத் தெரியாதவர். வலப்பக்கம் விரிப்பு ஆய்வாளர், கையில் பூதக்கண்ணாடி. இடப்பக்கம் ஒரு இளம்பெண், விருந்தினர் உணர்வு அலுவலர். பக்கத்தில் சக்கரம் வைத்த கட்டில் ஒன்று, வெள்ளை விரிப்போடு தயாராக நின்றது. அது எதற்கு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தலைவர் செருமினார். "வந்தவங்களுக்கு வணக்கம். முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். நாங்க ரூமை விக்கிறதில்லை. ரூமை எவன் வேணாலும் விக்கலாம். நாங்க தூக்கத்தை விக்கிறோம். காசு குடுத்து உள்ளே வந்துட்டு, எங்க மெத்தையில படுக்காம போறவரை, எங்க குடும்பத்துல ஒருத்தர்னு எப்படிச் சொல்றது? நான் இந்தக் குழுமத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் எங்க ஹோட்டல் எதுலயும் ஒரு ராத்திரிகூட நான் தங்கினதில்லை. ஏன்? விருந்தாளியோட எடத்தை எடுத்துக்கக் கூடாதுங்கிற மரியாதை!"

மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள்.

விரிப்பு ஆய்வாளர் பூதக்கண்ணாடியை உயர்த்தினார். "ஆளுங்க பொய் சொல்லலாம். சுருக்கம் பொய் சொல்லாது. கவலையோட படுத்தவர் சுருக்கம் வேற, கால் வலியோட படுத்தவர் சுருக்கம் வேற. இருபத்தெட்டு வருஷமா பார்க்கிறேன். இவரோட இருபத்து மூணு விரிப்பையும் படம் எடுத்துப் பெரிசு பண்ணிப் பார்த்தாச்சு. ஒரு சுருக்கம் இல்லை. இவர் தூங்கினார்னா, காத்துல மிதந்துதான் தூங்கியிருக்கணும்."

"சார், நான் சோப்பை எடுத்துட்டுப் போயிருக்கேனே. அது சாட்சி இல்லையா?" என்றார் லிஃப்ட்காரர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தங்காத ஆள் சோப்பை எடுத்துட்டுப் போறது தனி விசாரணை" என்றார் தலைவர். "அதை இதோட சேர்க்க வேண்டாம், உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

உணர்வு அலுவலர் மெதுவாக முன்னால் சாய்ந்தாள். குரலில் தேன் ஒழுகியது. "உங்க வருத்தத்தை நாங்க முழுசா மதிக்கிறோம் சார். ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, உங்க வருத்தம் எவ்வளவு இருக்கும்?"

லிஃப்ட்காரர் யோசித்தார். எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "ஒரு... ஆறு இருக்கும்."

"ஆறுதானா?" அவள் முகம் வாடிவிட்டது. "எட்டுக்கு மேல இருந்தாத்தான் சார் மேலிடத்துக்கு எடுத்துட்டுப் போக முடியும்."

"பதினஞ்சுன்னு எழுதிக்கோம்மா, என்னோடதையும் சேர்த்து" என்றாள் மனைவி.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சாட்சி. சொல்லுங்க, இவர் வீட்டுல எப்படித் தூங்குவார்? புரளுவாரா, ஒரே பக்கமா படுப்பாரா? விரிப்பு எவ்வளவு கலையும்?"

மனைவி வாயைத் திறந்தாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலைவரிடமே திரும்பினாள்.

"என்னைக் கேக்கறீங்களே? கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். எங்க வீட்டுக்கு நான் தூங்கினப்புறம் வருவார், நான் எழுந்திருக்கிறதுக்குள்ள போயிடுவார்; நிதானமா படுத்ததெல்லாம் உங்க வீட்டுலதான். இவர் எப்படித் தூங்குவார்னு நீங்கதாங்க எனக்குச் சொல்லணும்."

மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு மனசு கஷ்டமாக இருந்தது. உணர்வு அலுவலர் மட்டும் ஏதோ அவசரமாக எழுதிக்கொண்டாள்.

"சாட்சிக்குத் தெரியாது" என்று குறித்துக்கொண்டார் தலைவர். "அப்போ மாதிரி உறக்கம்தான் ஒரே வழி. சார், அந்தக் கட்டில்ல படுத்துத் தூங்குங்க. நாற்பது நிமிஷம். எழுந்ததும் விரிப்பை ஆய்வாளர் பார்ப்பார். கலைஞ்சிருந்தா, உங்களுக்குத் தூங்கத் தெரியும்னு நாங்க ஒத்துக்கறோம். இருபத்து மூணு இரவும் உங்களுக்கு."

"இப்பவா? இத்தனை பேர் முன்னாலயா?"

"சேச்சே! விருந்தாளி தூங்கும்போது பார்த்துட்டு நிக்கறது எங்க கொள்கைக்கே விரோதம். நாங்க வெளியே போயிடுவோம்."

போய்விட்டார்கள். மனைவியையும் மகளையும்கூட வெளியே அழைத்துக்கொண்டார்கள். திரைகளை இழுத்துவிட்டார்கள். கட்டில் மேல் ஒரு அன்னப்பறவையை வைக்கவும் மறக்கவில்லை.

லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அன்னத்தைத் தூக்கி மேசையில் வைத்தார். தூக்கம் எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே படுத்தார். ஆனால் முந்தின நாள் எட்டுக் கட்டடம், பதினேழு லிஃப்ட். இரண்டாவது நிமிஷமே குறட்டை கதவுக்கு வெளியே கேட்டது. தலைவர்கூடத் திருப்தியாகத் தலையாட்டினார் என்று மகள் பிறகு சொன்னாள். புரண்டார், உருண்டார், போர்வையை உதைத்தார். அப்படி ஒரு தூக்கத்தை அந்த ஏழாவது மாடி அதுவரை கண்டதில்லை.

நாற்பதாவது நிமிஷம் வெளியே மணி அடித்தது. அவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மூச்சு விடுவதுபோல, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், விரிப்பின் நாலு மூலையையும் இழுத்துச் செருகினார். உள்ளங்கையால் நீவிவிட்டார். போர்வையை மடித்தார், தலையணையைத் தட்டி நேராக வைத்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் போய் அடக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

கதவு திறந்தது. ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு கட்டிலை நெருங்கினார். குனிந்தார். நிமிர்ந்தார். "ஐயோ" என்றார்.

"என்னங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி. "இங்கேயுமா?"

அப்போதுதான் லிஃப்ட்காரர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. பாவம், அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே அழுகை வந்திருக்கும். ஒன்பது வருஷத்துக் கடல், கைக்கு எட்டும் நேரத்தில் அவருடைய உள்ளங்கையாலேயே போயிற்று.

"குறட்டை கேட்டதே சார், நீங்களும்தானே கேட்டீங்க?" என்றாள் மகள்.

"குறட்டை வாய்மொழி. விரிப்புதான் ஆவணம்" என்றார் தலைவர். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. இருபத்து மூணு இரவும் இவர் தூங்கலைங்கறதுதான் குழுவோட முடிவு."

மகள் ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னவோ ஓடியது. பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"சரி சார். உங்க முடிவை நாங்க ஏத்துக்கறோம். அதை எழுத்துல குடுப்பீங்களா? தேதி போட்டு, ஊர் போட்டு, இந்தந்த ராத்திரி இவர் தூங்கலைன்னு?"

தலைவர் அசந்துபோனார். முப்பது வருஷத்தில் குழுவின் முடிவை ஏற்றுக்கொண்ட முதல் குடும்பம் இது. "தாராளமா!" என்றார். மூன்று கையெழுத்து, நீல மையில் வட்ட முத்திரை, இணைப்பாக இருபத்து மூன்று சுருக்கமில்லாத விரிப்புகளின் பெரிசாக்கிய படங்கள். உணர்வு அலுவலர் மேலே ஒரு ரிப்பனும் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை விடுப்புப் பிரிவில் எழுத்தர் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"உறுப்பினர் மேற்கண்ட இருபத்து மூன்று இரவுகளிலும் உறங்கவில்லை என்பது ஐயமற நிரூபணமாகிறது..." எழுத்தர் அங்கேயே நிறுத்தினார். "இது எப்படி சார் குடுத்தாங்க?"

"கெஞ்சவே இல்லை சார். கேட்டதும் குடுத்தாங்க."

"அத்தனை ராத்திரியும் தூங்காம என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

லிஃப்ட்காரருக்குப் பொய் வராது. "அதுல என்ன எழுதியிருக்கோ அவ்வளவுதான் சார்" என்றார்.

எழுத்தர் புத்தகத்தைப் புரட்டோ புரட்டு என்று புரட்டினார். மறுக்க ஒரு வழியும் இல்லை. அவர் வாழ்க்கையில் இவ்வளவு பக்காவான அத்தாட்சியைப் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக 'ஆம்' என்று எழுதினார். இருபத்து மூன்று நாள் ஈட்டு விடுப்பு, நாளையிலிருந்து. மகள் கிளம்ப இருபத்திரண்டு நாள் இருந்தது. கணக்கில் இருந்த நாலு நாளை, அவள் முதல் தடவை திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

கடலுக்கு அவர்கள் போகவில்லை. வீட்டில் இருந்தார்கள். முதல் இரண்டு நாள் லிஃப்ட்காரருக்குத் தன் வீடே பிடிபடவில்லை. வாசல் கதவில் அட்டை செருகுகிற இடத்தைத் தேடினார். குளியலறை விளக்கின் சுவிட்சை எதிர்ச் சுவரில் தடவினார். மூன்றாம் நாளிலிருந்து பழகிவிட்டது. மகள் குளிக்கும்போது விசிலடிப்பாள் என்று தெரிந்துகொண்டார். அவளும் அம்மாவும் தினம் காலையில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டு, பத்து நிமிஷத்தில் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள் என்று தெரிந்துகொண்டார். அவளுக்குப் படுக்கையைச் சரிசெய்கிற பழக்கம் கொஞ்சமும் இல்லை என்பதும் தெரிந்தது. ஒரு நாள் அவர் போய் விரிப்பை இழுத்துச் செருகப் பார்த்தார்.

"விடுங்கப்பா, இது என்ன ஹோட்டலா?" என்றாள் அவள்.

சந்தோஷமாக இருந்தார், அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். நடுவில் அன்பு வட்டத்திலிருந்து ஒரு கடிதம்கூட வந்தது. 'உங்களைக் காணாமல் எங்கள் மெத்தைகள் ஏங்குகின்றன' என்று எழுதியிருந்தார்கள். மகள் அதை ஃப்ரிட்ஜ் கதவில், வெளுத்த கடலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தார்கள். பெட்டியில் அவள் எட்டுக் குட்டிச் சோப்பு வைத்துக்கொண்டு போனாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை. லிஃப்ட்காரர் எழுந்து தன் படுக்கையைச் சரிசெய்தார். பிறகு மகளுடைய அறைக்குப் போனார். அவள் எழுந்து போனபடியே கிடந்தது. விரிப்பு ஒரு பக்கமாக இழுபட்டு, மூலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலையணையில் தலை அமுங்கிய குழி இருந்தது. அவர் குனிந்து விரிப்பின் நுனியைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே விட்டுவிட்டார்.

மனைவி துவைக்கிற துணி மூட்டையோடு வந்தாள். "என்னங்க நின்னுட்டு இருக்கீங்க? அதை உருவிக் குடுங்க, துவைச்சுப் போட்டுடறேன்."

"இருக்கட்டும்."

"கிளம்பிப் போயிட்டாளே, இனிமே எதுக்கு?"

"கலைஞ்சே கிடக்கட்டும். இங்கே ஒருத்தி தங்கியிருந்தான்னு அத்தாட்சி வேணாமா?"

மனைவி மூட்டையைக் கீழே வைத்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் அந்தப் படுக்கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த உணர்வு அலுவலரின் தேன் குரலிலேயே கேட்டாள்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, உங்க வருத்தம் எவ்வளவு சார்?"

லிஃப்ட்காரர் சிரிக்கத்தான் பார்த்தார்.

"பத்து" என்றார்.